சினிமாவில் வந்த குண்டுவெடிப்புக் காட்சிகளில் உங்களால் மறக்கவே முடியாதது எது, ஏன்?

குவாய் நதிப் பாலம் வெடிக்கிற காட்சி. 1957ல் டேவிட் லீன் எடுத்த ஆங்கிலப் படம், 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்'. கடைசியில் மரப்பாலம் வெடித்து, அதன் மேல் வந்த ரயில் பெட்டி பெட்டியாக ஆற்றுக்குள் இறங்கும்.

கேள்வி கேட்டவர் கல்லூரி மாணவராகவோ, யூடியூப் வீடியோவுக்குப் பட்டியல் தேடுகிறவராகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீழே உள்ள மற்ற பதில்களில் உயிரே படத்தின் கடைசிக் காட்சி, ஓப்பன்ஹைமரில் வரும் அணுகுண்டுச் சோதனை என்று நிறையச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாமே நல்ல காட்சிகள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பாலத்தைப் பற்றி எழுத எனக்குத் தனிக் காரணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

படம் பார்க்காதவர்களுக்கு முதலில் கதை. இரண்டாம் உலகப்போர், சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டுக் காடு. ஜப்பான்காரர்களிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களை வைத்து ஆற்றின் குறுக்கே ஒரு ரயில் பாலம் கட்டச் சொல்கிறார்கள். கைதிகளின் தலைவர் கர்னல் நிக்கல்சன் (அலெக் கின்னஸ் நடித்தது) முதலில் முறைக்கிறார், அப்புறம் நம் ஆட்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று அந்தப் பாலத்தைத் தன் சொந்தப் பாலம் மாதிரி பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார். இன்னொரு பக்கம் அதைத் தகர்க்க ஒரு சின்னப் படை காட்டு வழியாக வருகிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் பாலத்தின் கால்களில் தண்ணீருக்குள் வெடி கட்டி, வயரைத் தண்ணீருக்கு அடியிலேயே இழுத்துக் கொண்டுபோய்க் கரையில் ஒளித்து வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. வயர் வெளியே தெரிகிறது.

வெடிப்பை விட எனக்கு இந்த இடம்தான் பெரியது. நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன். கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்ட பிறகும், கல்லணைக்கு வந்து, பிரிந்து பிரிந்து, எங்கள் முள்ளியாற்றில் தண்ணீர் தலைகாட்ட நாங்கள் காத்துக்கிடக்க வேண்டும். அப்படி வந்த தண்ணீரும் முறை வைக்கும்போது ராத்திரியில் சத்தமில்லாமல் இறங்கிவிடும். மேலே எங்கோ ஷட்டரை இறக்கியிருப்பார்கள், காலையில் கரைக்குப் போனால் நேற்று தண்ணீருக்குள் இருந்த படிகள் சேறு காய்ந்து நிற்கும், நாணல் வேர் வெளியே தொங்கும். அந்தப் படத்தில் நீர்மட்டம் இறங்கியதைக் காட்டும் இடத்தில் எங்கள் ஊர்க்காரன் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வயிறு கலங்கிவிடும். நிக்கல்சன் பாலத்தின் மேல் நின்று அந்த வயரைப் பார்ப்பதும், இறங்கி வந்து மணலில் இருந்து அதை உருவிக்கொண்டே போவதும், தூரத்தில் ரயில் சத்தம் கேட்பதும்... பின்னணி இசை எதுவும் போட்டு நம்மைப் பயமுறுத்துவதில்லை, ஆறும் பூச்சிச் சத்தமும் ரயிலும்தான். இப்போது வருகிற படங்களில் வெடிப்பதற்கு முன்னாலேயே மேளம் கொட்டி 'வெடிக்கப் போகுது வெடிக்கப் போகுது' என்று சொல்லிவிடுகிறார்கள்.

எடுத்த விதமும் அப்படித்தான். சயாமில் எடுக்கவில்லை, இலங்கையில் கிதுல்கல என்ற இடத்தில், களனி ஆற்றின் மேல் நிஜமாகவே ஒரு பாலம் கட்டினார்கள். நிஜ ரயில், நிஜ வெடிமருந்து. பல கேமராக்களை வைத்து, ஒவ்வொரு கேமராக்காரரும் ஓட்டிவிட்டுப் பத்திரமான இடத்துக்குப் போனதும் ஒரு விளக்கைப் போட வேண்டும், எல்லா விளக்கும் எரிந்தால்தான் வெடி. முதல் தடவை ஒரு விளக்கு எரியவில்லை. ஆள் உள்ளே மாட்டிக்கொண்டாரோ என்று வெடிக்காமல் நிறுத்திவிட்டார்கள். டிரைவர் ஏற்கெனவே குதித்துவிட்டார், ஆளில்லாத ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் மறுகரையில் மோதி நின்றது. அதைச் சரிசெய்து, மறுபடி ஓட்டி, மறுநாள்தான் வெடித்தார்கள். இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவே வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஒரு கேமராக்காரரின் உயிருக்காக அவ்வளவு செலவான காட்சியை நிறுத்தினார்கள் என்பதற்காகவே அந்தப் படக்குழுவை நான் மதிக்கிறேன். ஏழு ஆஸ்கர் வாங்கிய படம், வாங்கத் தகுந்த படம். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு 'ஒரு கிளாசிக்கைத் திட்டுகிறான்' என்று கமெண்டில் வருவார்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், சின்ன வயதில் அவருடைய அண்ணனோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். டெல்டாவில் இது அதிசயம் கிடையாது. கங்காணி வந்து ஊர் ஊராக ஆள் சேர்ப்பார், நாகப்பட்டினம் டிப்போவில் வைத்திருந்து பினாங்குக்கு அனுப்புவார்கள். எங்கள் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ரஜூலா கப்பல் கதை ஒன்று கிடைக்கும். ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மலாயா முழுக்க ஜப்பான்காரன் கையில். சயாமில் இருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட வேண்டும், ஆள் வேண்டும். முதலில் நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டினான். ஆள் சேரவில்லை என்றதும் பிடித்துக்கொண்டு போனான். தாத்தாவையும் பெரிய தாத்தாவையும் பிடித்தது எப்படித் தெரியுமா? எஸ்டேட்டுக்குப் பக்கத்து டவுனில் இலவசமாகப் படம் காட்டுகிறோம், எல்லாரும் வாருங்கள் என்று சொன்னார்களாம். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, வெளியே லாரி. வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. அங்கிருந்து மூடிய கூட்ஸ் வண்டியில் சயாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு தாத்தா எந்தச் சினிமாக் கொட்டகைக்குள்ளும் காலை வைத்ததில்லை. எம்ஜிஆர் படம் என்று ஊரே வண்டி கட்டிப் போகும்போதும் வீட்டில்தான் இருப்பார். சின்ன வயதில் எங்களுக்குக் காரணம் தெரியாது, கஞ்சத்தனம் என்று அப்பாயி திட்டும்.

எண்பதுகளில் கூத்தாநல்லூரில் என் கூட்டாளி வீட்டில் வீடியோ டெக் வந்தது. அவன் அத்தா (அப்பா) சபுராளி, வெளிநாட்டில் பிழைப்பவர், மலேசியாவில் கடை. அவர் ஊருக்கு வந்தால் தாத்தாவும் என்னோடு கிளம்பிவிடுவார், இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து 'அப்பா காபார்' (நலமா) என்று ஆரம்பித்து மலாயில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் தாத்தா முகம் வேறு மாதிரி இருக்கும். ஒருநாள் கேசட் போட்டான், இந்தப் படம். சயாம், ஜப்பான்காரன், ரயில் என்று கூட்டாளியின் அத்தா சொன்னதும் தாத்தா எழுந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். கொட்டகை இல்லையே, வீடுதானே.

இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. ஆனால் படம் நெடுகப் பேசிக்கொண்டே இருந்தார். மூங்கில் கொட்டகையைப் பார்த்ததும் 'ஆங், அத்தாப்புக் கொட்டா' என்றார், ஓலை வேய்ந்த கொட்டகை. கைதிகளின் டாக்டர் வரும்போது, 'வெள்ளக்காரனுக்கு டாக்டர் இருந்தான். எங்களுக்கு யாரு?' என்றார். மழைக்காலத்தில் காலரா வந்து கொட்டகை கொட்டகையாகச் செத்ததை அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன். கால் புண்ணில் எலும்பு தெரியும் என்றார். பெரிய தாத்தா அந்தக் காலராவில்தான் போனார். குழியில் தள்ளினார்களா, எரித்தார்களா என்றுகூடத் தம்பிக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆள் இல்லை.

பாலம் வெடித்தது. நாங்கள் பையன்கள் எல்லாரும் கத்தினோம். ரயில் விழுந்ததும் ரீவைண்ட் செய்து இன்னொரு தடவை போடச் சொன்னோம். தாத்தா திரையைப் பார்த்தபடி கேட்டார். 'ஏந்தம்பி, நம்ம ஜனம் எங்கடா? ஒருத்தனக்கூடக் காணுமே?'

கூட்டாளியின் அத்தா, 'சினிமாதானே பெரியவரே' என்றார்.

அதற்கு அவர் சொன்னதை எழுதத்தான் இவ்வளவு நீளம் வந்தேன். 'வெடிச்சா முடிஞ்சிருச்சா? அங்க அப்புடி இல்ல. ப்ளேன்காரன் வந்து போட்டுட்டுப் போவான். அவன் போன கையோட ஜப்பான்காரன் எங்களத்தான் ஓட்டிக்கிட்டுப் போவான், திரும்பக் கட்டுன்னு. கட்டுவோம். திரும்ப வந்து போடுவான்.'

பிற்பாடு நான் வேலைக்குப் போய், புத்தகங்களும் இணையமும் கைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். நிஜக் குவாய் பாலத்தைக் காட்டுக்குள் பதுங்கி வந்த எந்தப் படையும் தகர்க்கவில்லை. சயாமின் காஞ்சனபுரியில் ஒரு மரப்பாலமும் ஒரு இரும்புப்பாலமும் இருந்தன. 1943ல் கட்டியவை. நேச நாட்டு விமானங்கள் 1944 கடைசியிலும் 1945லும் திரும்பத் திரும்ப வந்து குண்டு போட்டன, பக்கத்துக் கைதி முகாமிலும் விழுந்து அவர்கள் ஆட்களே செத்தார்கள். உடைந்ததைச் செப்பனிட்டார்கள், திரும்ப உடைத்தார்கள். தாத்தா சொன்னது அப்படியே. இரும்புப்பாலம் இன்றைக்கும் நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் அதன் மேல் நடந்து போட்டோ எடுக்கிறார்கள். படம் ஓடி அந்தப் பெயர் பிரபலமானதால், அந்த ஆற்றுப் பகுதிக்கே 1960ல் குவாய் என்று பெயரை மாற்றி வைத்தார்கள், அதற்கு முன் அது மே கிளாங்.

பாதை மொத்தம் 415 கிலோமீட்டர். போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர், அதில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000க்கும் மேல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்கிறார்கள். தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் அதில் உண்டு. மலாயாவில் இருந்து போன 75,000 சொச்சம் பேரில் பெரும்பாலோர் எஸ்டேட் தமிழர்கள். இந்தக் கணக்கெல்லாம் மதிப்பீடுதான், ஏனென்றால் கைதிகளுக்கு ராணுவப் பதிவேடு இருந்தது, கூலிக்கு எவன் பதிவேடு வைத்தான்? காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது நியாயம், அப்படித்தான் இருக்க வேண்டும். அதே பாதையில் அதைவிடப் பல மடங்கு செத்த எங்கள் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு பெயர் எழுதிய கல்லறை கிடையாது.

இப்போது வரப்போகும் கமெண்டுகளுக்குப் பதில். 'அது கற்பனைக் கதை, வரலாற்றுப் படம் இல்லை' என்பீர்கள். தெரியும். பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய நாவல், அதில் பாலம் விழவே விழாது, படத்துக்காகத்தான் விழுந்தது. அங்கே கைதிகளாக இருந்த பிரிட்டிஷ்காரர்களே படத்தை எதிர்த்தார்கள், அவர்களுடைய நிஜத் தலைவர் டூஸி எதிரிக்கு ஆசையாகப் பாலம் கட்டிக் கொடுத்தவர் இல்லை என்று. அவர்கள் எதிர்த்தால் வரலாற்று அக்கறை, நான் கேட்டால் இனப்பெருமையா? அந்த பூல் போருக்கு முன்னால் மலாயாவில் ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். தமிழர்களைப் பார்க்காமல் அங்கே ஒரு நாள்கூடக் கழிந்திருக்காது. படத்தில் படைக்கு மூட்டை தூக்க சயாம் பெண்கள் வருகிறார்கள், அழகாகக் காட்டுகிறார்கள், தண்டவாளத்தில் வேலை செய்த கூலிகளுக்கு இடமில்லை. 'எல்லாவற்றிலும் தமிழனைத் தேடுவதா' என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, செத்த இடத்திலாவது தேடுகிறேன்.

ரயில் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்தச் சயாம் பாதை மீட்டர் கேஜ். எங்கள் திருவாரூர் - காரைக்குடி லைனும் மீட்டர் கேஜ்தான் இருந்தது, கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய லைன். தாத்தா அந்த லைன் ஓரமாக நடந்தால் ஸ்லீப்பர் கட்டையை எண்ணிக்கொண்டே போவார், பழக்கம். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று அதை வருஷக்கணக்கில் மூடிப்போட்டார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலே பார்க்காமல் பஸ்ஸில் நசுங்கிக் கல்லூரி முடித்தார்கள். திறந்த பிறகும் கேட் மூட ஆள் இல்லை என்று, ரயிலிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, இறங்கி மூடி, தாண்டி, திறந்து, திரும்ப ஏறி... மாட்டுவண்டியில் போனவர்கள் முந்தினார்கள். காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டரை ஏறத்தாழ ஒரே வருஷத்தில் அடித்து முடிக்க வைத்தார்கள் எங்கள் ஆட்களை, உயிரைக் குடித்து. சொந்த ஊரில் அவன் பேரன் பேத்திகளுக்கு ஒரு ஒழுங்கான ரயில் கொடுக்க இத்தனை வருஷம். இதைச் சொன்னால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீட்டிலேயே கேட்கிறார்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

படத்துக்குத் திரும்புகிறேன். கேட்டவருக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும் என்றால், ஒரு குண்டுவெடிப்புக் காட்சி எப்படி எடுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. வெடிப்பது சில நொடிதான், அதற்கு முன்னால் வரும் அந்தக் காலைப்பொழுது முழுக்க நம்மை ஆற்றங்கரையில் உட்கார வைக்கிறார்கள். வெடிக்க வேண்டும் என்று ஒரு மனசு, இவ்வளவு அழகான பாலம் போகிறதே என்று ஒரு மனசு. நிக்கல்சன் 'நான் என்ன செய்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு வெடியை இயக்கும் பெட்டியின் மேலேயே விழுவதை வேண்டுமென்றே விழுந்தாரா, தடுமாறியா என்று இன்றுவரை பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் தடுமாறித்தான். அவ்வளவு பிடிப்பாகக் கட்டிய ஆள் தெரிந்தே கை வைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் புகை அடங்கியதும், சுற்றிப் பார்க்கிற டாக்டர் 'பைத்தியக்காரத்தனம்' என்று கத்தியதும், கேமரா மேலே எழும்பிப் போய்விடுகிறது. படம் முடிந்தது. மறுநாள் அந்தப் பாலத்துக் கட்டைகளை ஆற்றில் இருந்து இழுத்துக் கரையேற்றியது யார் என்று எந்தப் படமும் காட்டுவதில்லை, நம் தமிழ்ப் படங்களும் சேர்த்துத்தான். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் சயாம் ரயிலை நாவலாக எழுதியிருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும், வாங்கிப் படியுங்கள். கோடிக்கணக்கில் கொட்டிக் கம்ப்யூட்டரில் பாலத்தை வெடிக்க வைக்கிற நம் பெரிய இயக்குநர்களில் ஒருவராவது அந்தக் கொட்டகைக் கதவு சாத்தப்பட்ட கதையை எடுத்தால், தாத்தா இல்லை, நான் முதல் நாள் முதல் காட்சிக்குப் போவேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாகை, திருவாரூர், தஞ்சை, மயிலாடுதுறைப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது மலாயா போய், ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் பிடித்துப் போகப்பட்டிருந்தால், கமெண்டில் ஊரையும் எஸ்டேட்டையும் மட்டுமாவது எழுதுங்கள். ஆள் பெயர் போட விருப்பமில்லை என்றால் வேண்டாம். எந்த முகாம் என்று தெரிந்தால் அதையும். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன், வலங்கைமானில் இருந்தும் வேதாரண்யத்தில் இருந்தும் ஏற்கெனவே சிலர் சொல்லியிருக்கிறார்கள்.